அமிலத் துளியும் ஒரு கிரைண்டரும்

கிரைண்டர் ஒன்றுதான், உரிமை கொண்டாடியவர்களோ மூன்று பேர். மூவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் ஹபீபுல்லா பாய்க்குத் தலைவலி வந்தது. உங்களுக்கும் கொஞ்சம் வரட்டுமே என்றுதான் இதைச் சொல்கிறேன்.

அம்பத்தூரில் இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் பட்டறை பாயுடையது. முலாம் ஏறுவதற்கு முன் துருப்போக இரும்பை அமிலத் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். தொட்டியில் அமிலம் குறைந்தால் கேனைத் தூக்கிச் சாய்த்து ஊற்ற வேண்டும். அந்த வேலை பச்சையம்மாளுடையது. கை சுறுசுறுப்பு, வாய் அதைவிடச் சுறுசுறுப்பு.

“பட்டறையில் யாருக்கும் அடிபடாமல் காப்பாற்றுகிறவருக்கு ஆண்டு விழாவில் கிரைண்டர்” என்று பாய் அறிவித்திருந்தார்.

முதலில் மங்கையர்க்கரசியைச் சொல்ல வேண்டும். ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர். அதுவரை பட்டறையில் துணிக் கையுறையும், பக்கவாட்டில் திறந்திருக்கும் சாதாரணக் கண்ணாடியும்தான் புழக்கத்தில் இருந்தன. அவை தீர்ந்ததும் அவற்றையே மறுபடி வாங்க மங்கைக்கு மனம் வரவில்லை. கடைக்காரரிடம் வகைக்கு ஒன்றாக மாதிரி கேட்டு வாங்கினார். வேலையாட்களைக் கூப்பிட்டு நடுவில் ஒரு மேசையைப் போட்டார். ஒவ்வொரு கையுறைக்குள்ளும் காகிதத்தைத் திணித்து, இடுக்கியால் பிடித்து, விரல் நுனியை அமிலத்தில் நனைத்தார். துணிக் கையுறைக்குள் இருந்த காகிதம் உடனே ஊறிப்போனது. ஆஸ்பத்திரிக் கையுறை, இரும்பு விளிம்பில் உரசியதும் கிழிந்தது. முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறைக்குள் காகிதம் காய்ந்தே இருந்தது.

அடுத்தது கண்ணாடி. பச்சையம்மாளுக்குப் பழைய கண்ணாடியை மாட்டி, பக்கவாட்டிலிருந்து தண்ணீரைத் தெளித்தார்.

“முகம் கழுவியாச்சுக்கா, சோப்பைக் குடு” என்றார் பச்சையம்மாள், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

“இதே அமிலமா இருந்தா?” என்றார் மங்கை. கேலியாகச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். பிறகு முகத்தோடு ஒட்டி, சுற்றிலும் மூடிய கண்ணாடியை மாட்டித் தெளித்தார். ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை.

சரியானது வந்தும் தொல்லை தீரவில்லை. ஒருவருக்குக் கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழிந்தது. இன்னொருவருக்கு நெற்றியை இறுக்கியது. வியர்வை ஆவியில் எல்லோருக்கும் பார்வை மங்கியது. அதைச் சரிசெய்தவர் சூப்பர்வைசர் இருதயராஜ். ஒவ்வொருவர் தலைக்கும் ஏற்ப நாடாவைத் திருத்தினார். ஆவி படியாமலிருக்க ஒரு திரவம் வாங்கித் துடைத்துக் கொடுத்தார். காலையில் வாசலில் நின்று, கண்ணாடி மாட்டாத யாரையும் உள்ளே விடமாட்டார்.

சித்திரை வெயிலில் ஒருநாள் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. தகரக் கூரை அடுப்பாய்க் கொதித்தது. இருதயராஜுக்கே பொறுக்கவில்லை. “கரண்ட் வர்ற வரைக்கும் கண்ணாடியைக் கழட்டிக்கங்கப்பா” என்றார். எல்லோரும் கழற்றினார்கள்.

பச்சையம்மாள் மட்டும் கழற்றவில்லை. தொட்டிக்கு ஒரு கேன் அமிலம் ஊற்ற வேண்டியிருந்தது.

“அதான் சாரே சொல்லிட்டாரே” என்றார்கள்.

“சாரு சொல்லிட்டாரு. அமிலம் சொல்லலையே” என்று சொல்லிக் கேனைச் சாய்த்தார்.

கேனுக்குள் காற்று புகுந்து ‘களுக்’ என்றது. அமிலம் துள்ளி எழுந்து நேராகக் கண்ணாடியில் அறைந்தது, கன்னத்தில் தெறித்தது, கையுறையிலும் வழிந்தது. இருதயராஜ் ஓடிவந்து அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போய், மேலே தண்ணீரைத் திறந்துவிட்டார். கன்னம் நன்றாகக் கழுவித் தீரும் வரை விடவில்லை. பிறகுதான் கண்ணாடியைக் கழற்றினார்.

“பச்சையம்மா, கண்ணு தெரியுதா?”

“நல்லாத் தெரியுது சார். உங்க மீசையில ஒரு சோத்துப் பருக்கை ஒட்டியிருக்கு.”

இருதயராஜ் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். டாக்டரும் பார்த்துவிட்டு, கன்னத்தில் லேசான சிவப்பு மட்டும்தான், கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார்.

ஆண்டு விழா வந்தது. “நான் சரியானதைத் தேடி எடுக்கலைன்னா, மாட்டியும் பிரயோஜனமில்லை” என்றார் மங்கை. “நான் முகத்துக்குப் பொருந்த வைக்கலைன்னா, அது ஆணியிலதான் தொங்கியிருக்கும்” என்றார் இருதயராஜ். “ரெண்டு பேரும் என்ன செஞ்சாலும், வேகுற வெயில்ல மாட்டிக்கிட்டு நின்னது என் மூஞ்சி” என்றார் பச்சையம்மாள்.

வாசகர்களே, கிரைண்டரை யாருக்குக் கொடுப்பது நியாயம்? பக்கத்தைப் புரட்டாமல், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

விடை: பாய் அதை மங்கையர்க்கரசிக்குக் கொடுத்தார். பச்சையம்மாளின் உறுதி பெரிதுதான். ஆனால் அதற்கான பரிசு இரண்டு கண்களாக அவர் முகத்திலேயே இருக்கிறது. இருதயராஜின் உழைப்பும் பெரிது; ஆனால் அவர் சொல்லித்தான் மாட்டினார்கள் என்பதால், அவர் சொன்னதும் கழற்றிவிட்டார்கள். மங்கையோ பொருளை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. ஏன் அது வேண்டும் என்பதை, மாட்டப்போகிறவரின் முகத்திலேயே காட்டினார். அதனால்தான் இருதயராஜ் சொல்லியும் பச்சையம்மாள் கழற்றவில்லை; காரணம் தெரிந்தவருக்குக் காவலாள் தேவையில்லை. தீர்ப்பைக் கேட்டு முதலில் கைதட்டியவர் இருதயராஜ்.

பச்சையம்மாள் மட்டும் கைதட்டாமல் எழுந்து நின்றார். “தீர்ப்பெல்லாம் சரிதான் பாய். ஆனா அமிலத்தை எதுக்குத் தூக்கி ஊத்தணும்? ஒரு கைப்பம்பு வச்சு அடிச்சா கேன்லருந்தே தொட்டிக்குப் போகுமே!” பாய் அங்கேயே பம்புக்குச் சொல்லிவிட்டார். மறுவாரமே பம்பு வந்தது. அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் யாரும் கேனைத் தூக்குவதில்லை.