பேச்சி சொல்லாம விட்ட மடை

கிட்ட வந்து உக்காரு கண்ணு. கால் சில்லுன்னு இருக்கு பாரு, போர்வைக்குள்ள வை. ம், இப்ப கேளு.

ஒரு ஊர்ல ஒரு உப்பளம். அங்க உப்புச் சுமக்கறவ பேச்சித்தாய். அவகூடவே சுமக்கறவ அவ சிநேகிதி ராசகனி. தண்ணி பாயறதுக்கு வரப்ப அங்கங்க வெட்டி விட்டிருப்பாங்க, அதுக்குப் பேரு மடை. தலையில கூடையோட வரிசையா போறப்ப, பின்னால வர்றவளுக்கு முன்னால போறவ முதுகுதான் தெரியும். அதனால முன்னால போறவ "மடை!"ம்பா. பின்னால வர்றவ தாண்டிட்டு "ஆச்சு!"ம்பா. அந்த அளத்துல ஒருத்தி காலுக்கு இன்னொருத்திதான் கண்ணு.

பொங்கலுக்கு அங்க பொம்பளைங்க ஓட்டப் பந்தயம். வரப்பு மேலயே ஓடிப் போய் கொடிக்கம்பத்தத் தொடணும். ஜெயிச்சா எவர்சில்வர் அண்டா. பேச்சிக்கு அண்டா மேல அவ்வளவு ஆசையில்ல. ஒரே ஒரு தடவ முதல் ஆளா வந்துடணும்னுதான் ஆசை. வெள்ளனயே எந்திரிச்சு, சேலையத் தூக்கிச் செருகிட்டு தடதடன்னு ஓடுவா. "ஏ பேச்சி, பின்னால நாய் வருதா?"ன்னு டீக்கடையில சிரிப்பாங்க. அப்புறம் ராசகனியும் கூட ஓட வந்தா. "ரெண்டு நாய் வருதுன்னு நெனச்சுக்கட்டும், நீ வாட்டி"ன்னா.

முத வருசம் பேச்சி எடுத்த எடுப்புலயே பாஞ்சா. பாதியில மூச்சு புஸ்ஸுன்னு போச்சு. ரெண்டாவது வருசம் கால் வெடிப்புல உப்புத்தண்ணி சுரீர்னு ஏறிடுச்சு. அப்போ ராசகனிதான் தன் ஓட்டத்த விட்டுட்டு, அவ தோள்ல கை போட்டுக் கூட்டிட்டு வந்தா. கேக்குறியா? ம்.

மூணாவது வருசம் பேச்சிதான் முன்னால. ஒட்டினாப்ல ராசகனி, ஹுஹ் ஹுஹ்னு அவ மூச்சு கேக்குது. கொடிக்கம்பம் கண்ணுக்குத் தெரியுது. அப்போ ஒரு மடை. அன்னைக்குக் காலையிலதான் யாரோ புதுசா வெட்டி விட்டிருக்காங்க. பேச்சி பாத்துட்டா. வாய் தன்னால திறந்துச்சு. அப்புறம் மூடிக்கிச்சு. ஒரே தாவு, தாண்டிட்டா.

பின்னால தொபுக்கடீர்! மளுக்குன்னு ஒரு சத்தம். "ஏட்டீ..."ன்னு ஒரு குரல். பேச்சி திரும்பல கண்ணு. போய்க் கம்பத்தத் தொட்டா.

ராசகனிக்கு ஒடிஞ்ச கணுக்கால் கூடிச்சு, ஆனா கோணலா. ஓட்டமும் போச்சு, கூடை தூக்குறதும் போச்சு. நிழல்ல உக்காந்து உப்பு அள்ளிப் பையில போடற வேலைதான். பேச்சி கஞ்சி எடுத்துட்டுப் போனா, மடையப் பாத்தத சொல்ல வாய் வரல. எண்ணெய் கொண்டு போய்க் கால உருவி விட்டா, அப்பவும் வரல. அப்புறம் அந்த அண்டாவையே தூக்கிட்டுப் போய் வச்சா. "அன்னைக்கு மடைய நான் பாக்கவேயில்லட்டி"ன்னா. அதுதான் வந்துச்சு வாயில.

ராசகனி அவளையே பாத்தா. "எனக்கெதுக்குட்டி அண்டா? எடுத்துட்டுப் போ"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. கெட்டிக்காரி அவ. பேச்சி தாவுனத பின்னால இருந்து பாத்தவளாச்சே, எதுக்குன்னு புரியறதுக்குள்ளதான் விழுந்துட்டா. பாக்காதவ எதுக்குத் தாவணும், சொல்லு?

வீட்டுக்கு வந்தப்புறம்தான் பேச்சிக்கும் அது உறைச்சுது. உக்காந்து அழுதா. அண்டாவுல தண்ணி ஊத்தினா ணங்ங்... அந்தச் சத்தமே ஆகல. கவுத்து வச்சுட்டா.

அடுத்த பொங்கல் வந்துச்சு. பேச்சி முன்னால ஓடினா. ஆனா மடைக்கு மடை நின்னு, திரும்பி, "மடை! மடை!"ன்னு கத்தினா. பொண்ணுங்க "ஆச்சு! ஆச்சு!"ன்னு தாவி, அவளையும் தாண்டிப் போயிட்டாங்க. "ஏ பேச்சிக்கா, பந்தயம் நடக்குது, ஓடு!"ன்னு ஒருத்தி சிரிச்சா. பேச்சி கடைசி ஆளா வந்தா. கண்ணு நிறைய தண்ணி, தரையே தெரியல.

கொடிக்கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால அதே மடை. அது பக்கத்துல ராசகனி காலையிலிருந்து உக்காந்திருக்கா. பேச்சி பாக்காம வர்றதப் பாத்தா. தடிய ஊனி எந்திரிச்சா. நெஞ்சு நிறைய மூச்ச இழுத்து, ஒரே கத்தா கத்தினா:

"மடை!"

கதை அந்த வரப்போட நின்னு போச்சு. நீ கண்ண மூடு.