மைனாவின் சிவப்புக் கம்பி

ரஞ்சிதம் மேடத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் ஒரு ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதன் மேல் நான் கொண்டுபோயிருந்த மைனா. அவருடைய தங்கை வைத்துவிட்டுப் போன காபி ஆறிக்கொண்டிருந்தது. மேடத்துக்கு அப்போது குரல் மிகவும் தேய்ந்துவிட்டது. அவர் சொல்வதைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது.

"இந்த ஸ்க்ரூ நம்மது இல்லையே, நாச்சிமுத்து" என்றார்.

மைனா என்பது ஒரு கம்ப்யூட்டர். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பறவை என்றுதான் நினைப்பார்கள். எண்பதுகளின் நடுவில், கோவை பீளமேட்டில், பம்ப்செட் பட்டறைகளுக்கு இடையே ஒரு ஷெட்டில் அதைச் செய்தோம். பழுப்புப் பெட்டி, மஞ்சள் விசைகள். அதனால் அந்தப் பெயர். பள்ளிக்கூடங்களுக்காக மட்டுமே செய்தது. டி.வி.யில் இணைத்தால் திரையில் தமிழ் எழுத்து வரும். அந்த எழுத்தைப் பார்க்கவே பக்கத்துப் பட்டறைகளிலிருந்து எண்ணெய்க் கையோடு ஆட்கள் வந்து நிற்பார்கள்.

முதல் போட்டவர் வெள்ளிங்கிரி அண்ணன். மில்லுக்கு உதிரி பாகம் விற்றவர். சர்க்யூட் முழுவதும் ரஞ்சிதம் மேடத்துடையது. நான் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன். ஈயம் வைக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். மற்றதை மேடத்திடம் கற்றேன். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனாலும் அவர் முன்னால் நான் கடைசிவரை உட்கார்ந்து பேசியதில்லை.

அவர் அந்தப் பெட்டியை வடிவமைத்த விதத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது. உள்ளே காற்றாடி கிடையாது. காற்றாடி வைத்தால் சாக்பீஸ் தூளை உள்ளே இழுக்கும் என்பார். மாலையில் ஊரெல்லாம் மோட்டார் ஓடி, பல்பு மஞ்சளாகிப்போகும் நேரத்திலும் வேலை செய்கிற டிரான்ஸ்ஃபார்மர். ஐ.சி. எல்லாம் சாக்கெட்டில், கையால் கழற்றிக் கையால் மாட்டலாம். எந்த பாகம் எங்கே என்று போர்டின் மேலேயே தமிழில் அச்சிட்டிருந்தார். மூடிக்கு நான்கு சாதாரண ஸ்க்ரூ.

வெள்ளிங்கிரி அண்ணனுக்கு அந்த ஸ்க்ரூக்கள் பிடிக்கவில்லை.

"ஏனுங்க மேடம், கம்ப்யூட்டர் செய்யச் சொன்னா மிக்ஸியாட்டம் செஞ்சு வெச்சிருக்கீங்களே."

"உங்க வீட்டு மிக்ஸி ரிப்பேரானா என்ன பண்ணுவீங்க?"

"கடையில குடுப்போம்."

"கடைக்காரர் என்ன பண்ணுவார்?"

"திறந்து பாப்பாரு."

"அவ்வளவுதாங்க" என்றார் மேடம்.

அந்தக் காலத்தில் போர்டின் தடங்களைக் கையால்தான் ஒட்டுவோம். வெளிச்ச மேசையின் மேல் பெரிய பிளாஸ்டிக் தாளை விரித்து, மெல்லிய கறுப்பு டேப்பை வளைத்து வளைத்து ஒட்ட வேண்டும். அதைப் படம் பிடித்துச் சுருக்கி, பெங்களூரில் போர்டாக அடித்துத் தருவார்கள். கரண்ட் போய் அறையில் வெப்பம் ஏறினால் டேப்பின் பசை இளகும். ஒட்டிய துண்டு நகரும். சில சமயம் கழன்றே வந்துவிடும்.

போர்டுகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. முதல் பெட்டியை ஆன் செய்தோம். எழுத்து வந்தது. எழுத்துகளின் மேல் ஈசல் பறப்பதுபோலப் புள்ளிகளும் வந்தன.

காரணத்தை மேடமே கண்டுபிடித்தார். மெமரி ஒன்றுதான்; அதைப் படிக்க வேண்டியது இரண்டு பேர். ஒருவர் பிராசஸர். இன்னொருவர் திரைக்கு எழுத்தை அனுப்புகிற சர்க்யூட். திரை படிக்கும்போது பிராசஸர் காத்திருக்க வேண்டும். 'பொறு' என்று அதற்குச் சொல்ல ஒரு லைன் உண்டு. சர்க்யூட் படத்தில் அந்த லைன் இருந்தது. போர்டில் இல்லை.

மறுநாள் காலை மேடம் ஒரு கறுப்பு டேப் துண்டோடு வந்தார். பீரோவில் மடித்து வைத்திருந்த சேலையில், முந்தானையின் உள்பக்கம் ஒட்டியிருந்ததாம். வளைத்த இடம் வளைந்தபடியே இருந்தது. அதை வெளிச்ச மேசையின் விளிம்பில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒட்டினார்.

"நான் பண்ணினதுதான்" என்றார்.

புது போர்டு அடிக்க அவகாசம் இல்லை. பல மாவட்டங்களில் பள்ளிக்கூடம் நடத்துகிற ஓர் அறக்கட்டளை, திருச்சியில் எங்கள் பெட்டியைப் பார்க்க நாள் குறித்திருந்தது. அந்த ஆர்டர் கிடைத்தால் கம்பெனி நிற்கும். கிடைக்காவிட்டால் மூட வேண்டியதுதான் என்று வெள்ளிங்கிரி அண்ணன் எங்களிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். என் மனைவி ராஜாமணிக்கு அப்போது ஏழாம் மாதம்.

விட்டுப்போன லைனுக்குப் பதிலாக ஒரு கம்பியை வைத்து ஈயம் போட்டுவிட்டால் போதும். நான் முதல் போர்டைத் திருப்பி, அடிப்பக்கமாக ஒரு பச்சைக் கம்பி போட்டு முடித்தேன். போர்டும் பச்சை. உற்றுப் பார்த்தாலும் தெரியாது. ஈசல் நின்றுவிட்டது.

மேடம் போர்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஈயம் வைக்கிற அயர்னை எடுத்து என் கம்பியை அவரே கழற்றினார்.

"மேல போடுங்க."

"மேல போட்டா சுத்திக்கிட்டுப் போகணுமுங்க மேடம். அடியில குறுக்கால போயிருது."

"சுத்தட்டும். மேல போடுங்க."

"சரிங்க. பச்சையாவது போடறேன். போர்டோட கலந்துரும்."

"சிவப்பு."

"திருச்சிக்காரங்க மூடியத் திறந்தா மொதல்ல இதுதானுங்க கண்ணுல படும்."

"படும்."

"அப்பறம் யாரு பாக்கறதுக்குங்க இப்படிப் போடறது?"

அவர் அயர்னின் முனையை ஈரப் பஞ்சில் துடைத்து ஸ்டாண்டில் வைத்தார்.

"பேரு தெரியாது" என்றார்.

பதில் சொல்ல விருப்பமில்லாமல் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன். எல்லா போர்டுகளிலும் மேலே சிவப்புக் கம்பி போட்டேன்.

திருச்சியில் ஒரு நீள மேசை. அதன் மேல் எங்கள் மைனா. பக்கத்தில் வேறொரு கம்பெனியின் பெட்டி, வெள்ளையாக, மூட்டுத் தெரியாமல். அறக்கட்டளையின் சார்பில் வந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மைனாவில் தன் பெயரை அடித்துப் பார்த்தார். திரையில் வந்ததை ஒரு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு மூடியைத் திறக்கச் சொன்னார். நான் திறந்தேன்.

"இதென்ன சிவப்பா?"

வெள்ளிங்கிரி அண்ணன் மேடத்தைப் பார்த்தார். ஏதாவது பெரிய பெயராகச் சொல்லிவிடுங்கள் என்று அவருடைய கண் கெஞ்சியது.

"ஒரு லைன் விட்டுப்போச்சுங்க சார். என்னோட தப்பு. கம்பியால சேத்திருக்கோம்."

"புதுப் பெட்டியிலேயா?"

"ஆமாங்க."

"அப்ப இன்னும் முடியாத சாமானைக் கொண்டு வந்திருக்கீங்க."

"வேலை முடிஞ்ச சாமான்தாங்க. எங்க தப்பு பண்ணி, எப்படிச் சரி பண்ணினோம்னு தெரியுது."

அவர் வெள்ளைப் பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"இதுல இப்படி ஒண்ணும் இல்லையேம்மா."

"திறந்து பாத்தீங்களா சார்?"

"இதைத் திறக்க முடியாது. சீல் வெச்சிருக்கு."

மேடம் மூடியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் மூடியைப் போட்டு நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கினேன்.

திரும்பி வரும்போது கரூரில் டீ குடிக்கப் பஸ்ஸை நிறுத்தினார்கள். வெள்ளிங்கிரி அண்ணன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார்.

"அடியில போட்டிருந்தா தெரிஞ்சிருக்காது, இல்லைங்களா மேடம்?"

"தெரிஞ்சிருக்காது."

"ம்" என்றார் அவர். டீயைக் குடித்தார். அதன் பிறகு எந்த நாளும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆர்டர் வெள்ளைப் பெட்டிக்குப் போனது. செய்து வைத்திருந்த மைனாக்களை இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தோம். அடுத்த ஆடி வருவதற்குள் ஷெட்டில் ஒரு லேத் பட்டறை வந்துவிட்டது. மேடம் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கப் போனார். நான் காந்திபுரத்தில் டி.வி. ரிப்பேர் கடை வைத்தேன்.

அவரை அவ்வப்போது பார்ப்பேன். கல்யாண வீடுகளில், பஸ் ஸ்டாண்டில். ராஜாமணி இறந்தபோது வந்து, நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி என் வாய்வரை வரும். கேட்டால் பழி சொல்வதுபோல் ஆகிவிடும் என்று விழுங்கிவிடுவேன். பழியும் அதில் இருக்கத்தான் செய்தது.

பல வருஷம் கழித்து, பழைய சாமான் எடுக்கிற பீர்முகமது ஒரு சாக்கு மூட்டையோடு கடைக்கு வந்தார்.

"பாய், என்ன இது?"

"மூலனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல கழிச்சுவிட்டாங்க. கீபோர்டு மாதிரி இருக்கு, டைப்ரைட்டரும் இல்ல. உள்ள தங்கம் இருக்குமா?"

"இருக்காது."

"அப்ப உங்களுக்கே வெச்சுக்குங்க" என்றார்.

பழுப்பு நிறம் தூசிக்குள் தெரிந்தது. துடைத்து, கடையில் இருந்த ஒரு பழைய டி.வி.யில் மாட்டி ஆன் செய்தேன். எழுத்து வந்தது. ஈசல் இல்லை. உடனே ஆஃப் செய்துவிட்டேன். ரஞ்சிதம் மேடம் படுக்கையில் இருக்கிறார், இனித் தேறமாட்டார் என்று அந்த வாரம்தான் கேள்விப்பட்டிருந்தேன். மூடியைக்கூடத் திறக்காமல் அதைப் பையில் போட்டுக்கொண்டு அன்றே போனேன்.

அப்போதுதான் அவர் அந்த ஸ்க்ரூவைப் பார்த்தார்.

"நம்மளோடது எல்லாம் ஒத்தைக் கோடு. இது பிளஸ் போட்டது" என்றார்.

நான் ஸ்க்ரூவைப் பார்க்க வரவில்லை.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமுங்க. ரொம்ப நாளா இருக்குது."

"கேளுங்க."

"அன்னைக்கு அந்தக் கம்பியை அடியில விட்டிருந்தா ஆர்டர் வந்திருக்கும். இல்லைங்களா?"

"வந்திருக்கும்."

"கம்பெனி நின்னிருக்கும்."

"கொஞ்ச நாள் நின்னிருக்கும்."

"நாங்க அத்தனை பேரு இருந்தோம். வெள்ளிங்கிரி அண்ணன் கடைசியில வீட்டையும் வித்தாரு. தெரிஞ்சேதானுங்க மேல போடச் சொன்னீங்க?"

"தெரிஞ்சேதான்."

"அப்படி யாருக்காகங்க அது?"

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் வருத்தம் இருந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

"மூடியைத் திறங்க" என்றார்.

சட்டைப்பையில் டெஸ்டர் இருந்தது. மூன்று ஸ்க்ரூ சுலபமாக வந்தன. நான்காவதற்கு அந்த முனை ஒத்துக்கொள்ளவில்லை. ஓரமாக வைத்து நெம்பிச் சுற்ற வேண்டியிருந்தது. மூடியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

ஒரு மூலையில் பல்லி முட்டையின் ஓடு கிடந்தது. அதற்குப் பக்கத்தில் போர்டின் செம்பு பச்சை பூத்து, ஒரு தடம் அரித்துப் போயிருந்தது. நான் போட்ட சிவப்புக் கம்பி நிறம் கொஞ்சம் மங்கி, போட்ட இடத்திலேயே இருந்தது.

மேடம் கையைத் தூக்க முயன்றார். நான் ஸ்டூலை நெருக்கி வைத்தேன். அவர் விரல் என் கம்பியைத் தொட்டு, அதன் வழியே மெல்லப் போய், ஓரிடத்தில் நின்றது.

"இது நீங்களா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். அங்கே இன்னொரு கம்பி இருந்தது. அதுவும் சிவப்பு. கோயில் விசேஷத்துக்குக் கட்டுகிற சீரியல் பல்பின் ஒயர். அரித்துப்போன தடத்தைச் சுரண்டி, அதற்குப் பதிலாக இதைப் போட்டிருந்தார்கள். ஈயம் கொஞ்சம் அதிகமாக உருண்டிருந்தது, ஆனால் பிடித்திருந்தது. அடிப்பக்கமாகப் போட்டிருந்தால் இரண்டு விரற்கடை போதும். அந்த ஆள் மேலே கொண்டுவந்திருந்தார். என் கம்பி சுற்றிப் போன வழியிலேயே அதையும் கொண்டுபோய், ஆடாமல் இருக்க இரண்டையும் சேர்த்து வெள்ளை நூலால் கட்டியிருந்தார்.

"நான் இல்லைங்க" என்றேன்.

"நானும் இல்லை."

"யாருங்க மேடம் இது?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். விரல் மட்டும் அந்தக் கம்பிகளின் மேலேயே இருந்தது.

"பேரு தெரியாதுன்னு அன்னைக்கே சொன்னனே, நாச்சிமுத்து" என்றார்.

நான் அவர் விரலை எடுத்துப் போர்வையின் மேல் வைத்தேன். மூடியைப் போட்டு நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த வாரமே அவர் இறந்துவிட்டார். பிறகு ஒரு நாள் மூலனூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய், அதை ரிப்பேர் பார்த்தது யார் என்று விசாரித்தேன். அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை.

மைனா என் வீட்டில் இருக்கிறது. ஆன் செய்தால் எழுத்து வருகிறது. உள்ளே இரண்டு சிவப்புக் கம்பிகள் இருக்கின்றன.