பானை ஓட்டு ஆமை

நாடகம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு காட்டில், திடீரென்று எல்லோருக்கும் நாடகப் பைத்தியம் பிடித்தது, குழந்தைகளே. காரணம் ஒரு மயில். கடல் கடந்து வந்த நாரை சொன்ன யவன தேசத்துக் கதை ஒன்றைக் கேட்டுவிட்டு, அதைச் சிரிப்பு நாடகமாகப் போடப் போவதாக அது அறிவித்தது.

அந்தக் கதையில் ஒரு கப்பல் உண்டு. ஒற்றைக்கண் பூதம் உண்டு. கப்பலுக்கு வழிகாட்டும் கிழட்டு ஆமையும் உண்டு.

ஏரியில் குடியிருந்த ஆமை ஆசையோடு மயிலிடம் போய் நின்றது.

"அண்ணே, அந்த ஆமை வேஷத்தை நான் கட்டட்டுமா?"

மயில் அதை மேலும் கீழும் பார்த்தது. "நீயா? மேடைன்னா பார்க்க லட்சணமா இருக்கணும். எல்லா வேஷமும் மான்களுக்குத்தான்."

"ஆமை வேஷம்கூடவா?"

"அதுவும்தான். நீ கரையில உட்கார்ந்து வேடிக்கை பாரு, போ."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அதற்கு அழுகை வந்ததை யாரும் பார்க்கவில்லை.

நாடக நாள் வந்தது. ஏரியில் மிதந்த மூங்கில் தெப்பம்தான் கப்பல். கரை முழுக்கக் கூட்டம். கொம்பு பெரிதான மான் கதாநாயகன். இன்னொரு மான் நெற்றியில் நுங்கை ஒட்டிக்கொண்டு பூதமாகி நின்றது. ஒரு குட்டைப் பெண்மான்தான் ஆமை. அதன் முதுகில் உடைந்த பெரிய பானையைக் கவிழ்த்து, கொடியால் இறுகக் கட்டியிருந்தார்கள்.

அந்த ஆமை நாலடி எடுத்து வைத்தால் மூன்று முறை விழும். பேச ஆரம்பித்தால் பாதியில் தூங்கிவிடும். ஒவ்வொரு முறையும் கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது.

'நாங்கள் இப்படியா இருக்கிறோம்?' என்று நிஜ ஆமை கரையில் கூனிக் குறுகியது.

பூதம் கப்பலை உலுக்கும் காட்சி வந்தது. உலுக்கிய உலுக்கில் தெப்பம் சாய்ந்து, பானை கட்டிய மான் தண்ணீரில் விழுந்தது. மானுக்கு நீந்தத் தெரியும். ஆனால் முதுகில் அவ்வளவு பாரம் இருந்தால் அது என்ன செய்யும்? கால்களை உதறியது. முங்கியது, எழுந்தது. "காப்பாத்துங்க!" என்று மூன்று முறை கத்தியது.

"அடடா, ஆமை நீந்துற அழகைப் பாருங்கடா!" என்று குரங்கு குதித்தது.

கூட்டம் இன்னும் சத்தமாகச் சிரித்தது. மயில்கூட, "இதை நான் சொல்லித் தரவே இல்லையே, பிரமாதம்!" என்று தோகையை விரித்தது.

நிஜ ஆமை மட்டும் கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்தது. ஆமை இப்படி நீந்தாதே! கால் இப்படி விரியாதே!

"அது மூழ்குது. நிஜமாவே மூழ்குது!" என்று பக்கத்தில் இருந்த முயலிடம் பதறியது.

"உனக்கு வேஷம் கிடைக்காத வயித்தெரிச்சல். பேசாம பாரு" என்றது முயல்.

ஆமை தயங்கியது. ஒருவேளை நடிப்பாகவே இருந்துவிட்டால்? நாடகத்தைக் கெடுத்துவிட்டது என்று காடே காறித் துப்புமே. அப்படி யோசிப்பதற்குள் மானின் தலை உள்ளே போனது. இந்தத் தடவை மேலே வரவில்லை. கூட்டம் அதற்கும் சிரித்தது.

ஆமை ஏரிக்குள் பாய்ந்தது. அடியில் போய்க் கொடியைக் கடித்து அறுத்தது. பானை சேற்றில் இறங்கியது. மானைத் தன் ஓட்டின் மேல் தாங்கி, மூச்சு வாங்க வாங்கக் கரைக்குத் தள்ளி வந்தது.

மான் குடித்த தண்ணீரையெல்லாம் கக்கியது. நடுங்கிக்கொண்டே, "மூணு தடவை கூப்பிட்டேன். எல்லாரும் சிரிச்சீங்க" என்றது.



மயில் தோகையை மடக்கிக்கொண்டு ஆமையிடம் வந்தது. "நாளைக்கு மறுபடி நாடகம் போடுவோம். அந்த வேஷத்தை நீயே கட்டுறியா?"

"கட்டுறேன். ஆனா அடிக்கொரு தரம் விழ மாட்டேன்."

"விழாம எப்படிச் சிரிப்பாங்க?"

"சிரிக்க வைக்க எனக்கும் தெரியும், அண்ணே. நீங்கதான் கேட்கவே இல்லை."

நீதி: ஒருவரை மேடையில் காட்ட வேண்டுமானால் அவரையே அழையுங்கள்; ஏனென்றால் போலியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உண்மையான ஆபத்தும் வேடிக்கையாகவே தெரியும்.