குளக்கரையில் கவிழ்ந்த கண்ணாடிக் கல்

முன்னொரு காலத்தில், அதாவது ராஜாக்களுக்கு வேறு வேலை இல்லாத காலத்தில், ஒரு ராஜாவுக்குத் தன் முகத்தின் மேல் அளவுகடந்த பிரியம். நந்தவனத்துத் தாமரைக் குளத்தின் விளிம்பைச் சுற்றிக் கல் பாவச் சொன்னார். நடக்கும்போதே கல்லில் தம் முகம் தெரிய வேண்டுமாம். கல்தச்சர்களும் கண்ணாடியாக இழைத்துப் பதித்தார்கள். முதல் நாள் உலாவிலேயே ராஜா வழுக்கி, ராணியின் எதிரில் பொத்தென்று விழுந்தார்.

அமைச்சர் பேரருளாளருக்குப் பெயரில் மட்டும்தான் அருள். ராஜா விகடகவி குப்பாண்டியைக் கொண்டாடுவது அவருக்கு வயிற்றெரிச்சல்.

"அரசே! கல்லின் வழவழப்பும் குறையக் கூடாது, நடப்பவர் வழுக்கவும் கூடாது. இதைச் செய்யும் அறிவு குப்பாண்டி ஒருவனுக்கே உண்டு" என்றார்.

"நல்ல யோசனை. குப்பாண்டி, பௌர்ணமிக்குள் முடி. தவறினால் நீ நாடு கடத்தப்படுவாய்" என்றார் ராஜா, இடுப்பைத் தடவிக்கொண்டே.

குப்பாண்டியால் இப்போது ஊரைவிட்டுப் போக முடியாது. வீட்டில் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. ஆனாலும் சிரித்துக்கொண்டே, "ஆகட்டும் அரசே" என்றான்.

பௌர்ணமியன்று பார்த்தால் கரையெங்கும் சொரசொரப்பான கல், தண்ணீருக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது.

"வழவழப்பு எங்கே? ஏமாற்றிவிட்டான்!" என்று குதித்தார் அமைச்சர்.

"அதே கல்தான் அரசே, கவிழ்த்துப் பதித்திருக்கிறேன். உளி கொத்திய பக்கம் தங்கள் பாதத்துக்கு, இழைத்த பக்கம் தாமரைக்கு. முகம் பார்க்கத்தான் கீழே அவ்வளவு தண்ணீர் இருக்கிறதே!"

ராஜா எட்டிப் பார்த்தார். மகுடத்தோடு முகம் தெரிந்தது. மீசையை நீவிக்கொண்டார்.

"நம்பாதீர்கள்! அடிப்பக்கத்தை யார் கண்டது?" என்று அமைச்சர் கரையில் குப்புறப் படுத்தார். தலையைத் தொங்கவிட்டுக் கல்லின் அடியைப் பிடித்துத் தடவினார். இன்னும் கொஞ்சம் எட்டினார். தொபுக்கடீர்!

தலையில் தாமரையிலையோடு எழுந்தவர், "கை வழுக்கிவிட்டது! இவனை நாடு கடத்துங்கள்!" என்று கத்தினார்.

"கேட்டீர்களா அரசே? அடிப்பக்கம் வழவழப்பு என்று அமைச்சரே சாட்சி சொல்கிறார். மேல்பக்கம் காலால் நடப்பவர்களுக்கு. கையால் நடக்கும் பெரியவர்களுக்கு வேறு கல்தான் பார்க்க வேண்டும்" என்றான் குப்பாண்டி.

ராஜா வலிக்கிற இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உன் பிள்ளை இந்த ஊரிலேயே பிறக்கட்டும்!" என்று தம் பட்டுச் சால்வையை அவனுக்குப் போர்த்தினார்.

 குப்பாண்டி சால்வையின் ஒரு முனையைக் குளத்துக்குள் நீட்டினான்.

"தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள் அமைச்சரே. எனக்காகச் சாட்சி சொன்னவருக்குச் சளி பிடிக்கக் கூடாது."