கருஞ்சிறுத்தைக்கு மூன்று பேர்

பழங்கதைகளில் ஒரு பெண்ணுக்காக மூன்று பேர் வந்து நின்று வழக்காடுவார்கள். அவளை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். இந்தக் கதையில் மூன்று பேர் வழக்காடியது ஒரு கருஞ்சிறுத்தைக்காக. அதையும் யாரும் கேட்கவில்லை.

பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கத்துக்காரர்கள் இருநூறு பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்று. பெயர், 'எங்கே ஒளிஞ்சிருக்கு?' யாராவது ஒரு படம் அனுப்புவார்கள். பொள்ளாச்சியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ரேணுகா அதில் ஒரு விலங்கை ஒட்டி மறைத்துப் போடுவார். மற்றவர்கள் தேட வேண்டும். ஒருமுறை டீக்கடை பாய்லருக்குப் பின்னால் காண்டாமிருகத்தை ஒளித்த கை அது.

குழுவில் ஒருவர் மரியபாலன். வால்பாறை மலைப்பாதையில் இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுபவர். அவர் வண்டியில் ஏறியவர்களில் பாதிப் பேர் சிறுத்தையைப் பார்த்திருக்கிறார்கள். அவர் பார்த்ததில்லை. "அண்ணே, லெஃப்ட்ல சிறுத்தை!" என்று பின்னால் கத்தும்போதெல்லாம் ரைட்டில் பள்ளம் இருக்கும். அடுத்த மாதம் அவருக்குச் சமவெளிக்கு மாற்றல்.

அங்குள்ள இயற்கைக் கழகம் ஐந்து வருடமாக ஓர் அறிவிப்பு வைத்திருந்தது. இந்தச் சரிவுகளில் கருஞ்சிறுத்தை இருப்பதைப் படமாகப் பதிவு செய்பவருக்கு, கணக்கெடுப்புக் குழுவோடு பத்து நாள் ஜீப்பில் காட்டுக்குள் செல்ல ஓர் இடம். ஒரே இடம். படத்தில் வெளிச்சத்தைக் கூட்டலாம்; இல்லாததைச் சேர்க்கக் கூடாது. மலையைவிட்டு இறங்குமுன் அந்த ஓர் இடம் கிடைத்துவிடாதா என்று மரியபாலன் ஏங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு விடியற்காலை, முதல் டிரிப். எதிரே ஏறும் லாரிக்கு வழிவிட்டு வளைவில் நிறுத்தியிருந்தார். இடப்பக்கச் சரிவில் கருமந்திகள் விடாமல் கத்தின. எஞ்சினை அணைத்துக் காது கொடுத்தார். பிறகு போனை எடுத்துச் சரிவைப் பார்த்து ஒரு படம் எடுத்தார்.

"பனியைப் போட்டோ எடுக்கவா அண்ணே எஞ்சினை அணைச்சீங்க?" என்றார் கண்டக்டர்.

படத்தில் பனியும் பாறையும் ஒரு பலாமரமும்தான் இருந்தன. சரி, விளையாட்டுக்காவது ஆகட்டும் என்று குழுவில் போட்டார். ரேணுகா பாறைமேல் ஒரு புள்ளிச் சிறுத்தையை ஒட்டி, "கண்டுபிடிங்க" என்றார்.

பத்தாவது நிமிடம் சிக்கந்தரின் குரல் பதிவு வந்தது. பொள்ளாச்சி கோர்ட்டுக்கு எதிரே வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டும் கவுனும் தைப்பவர் அவர்.

"பாறைமேல இருக்கிறது கிடைச்சுருச்சு அம்மணி. ரெண்டாவது ஒண்ணு எதுக்கு வெச்சீங்க?"

"ரெண்டாவதா? நான் ஒண்ணுதானே பாய் வெச்சேன்?"

"மரத்தடி நிழலைப் பாருங்க. கறுப்புத் துணியில கறுப்பு நூல் ஓட்டுன மாதிரி இருக்கு. தினமும் அதைத்தானே நான் பார்க்கிறேன்!"

ரேணுகா, ஒட்டு எதுவும் இல்லாத மூலப்படத்தைத் திறந்தார். போன் திரையில் நிழலை வெளுக்கவைக்கும் வெளிச்சக் கோட்டை விரலால் மெல்ல இழுத்தார். முதலில் மரத்தின் வேர் வந்தது. பிறகு பெரணி இலைகள். பிறகு ஒரு தோள்பட்டை. கருஞ்சிறுத்தை தனி இனமல்ல என்பதை இங்கே சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சாதாரணச் சிறுத்தைதான், புள்ளிகள்கூட அழிவதில்லை, கறுப்புக்குள் கறுப்பாகக் கிடக்கும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மேலெழுந்தன. கடைசியில் இரண்டு கண்கள். அவை நேராகப் பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ரேணுகா அதை அப்படியே குழுவில் போட்டார்.

"நீங்க அதைப் பார்க்கலைண்ணே. அது உங்களைப் பார்த்திருக்கு" என்றார் சிக்கந்தர்.

"எத்தனை வருசமா பார்க்குதோ, பாய்" என்றார் மரியபாலன்.

படம் உண்மைதான் என்று கழகம் ஒப்புக்கொண்டது. "இடம் யாருக்கு?" என்று கேட்டது. அப்போதுதான் வழக்கு ஆரம்பித்தது.

"நான் பொய்ச் சிறுத்தையை வைக்கலைன்னா அந்தப் பனியை யாரு பெருசுபண்ணிப் பார்த்திருப்பா? நிழலுக்குள்ள இருந்து வெளியே எடுத்ததும் நான்" என்றார் ரேணுகா.

"அதுல என்ன இருக்குன்னு எடுத்தவருக்கும் தெரியாது, ஒட்டுனவங்களுக்கும் தெரியாது. முதல்ல பார்த்தது யாரு?" என்றார் சிக்கந்தர்.

மரியபாலன் ஒரு வரிதான் எழுதினார்: "நான் பார்க்கலைங்கிறது நிஜம். ஆனா படம் நான் எடுத்தது."

ஒருவர் பாராமல் எடுத்தார். ஒருவர் பொய்யை வைத்து மெய்யை வெளியே கொண்டுவந்தார். ஒருவர் எடுக்காமலே கண்டார். வாசகரே, கீழே போகுமுன் சொல்லுங்கள்: ஜீப்பில் அந்த ஓர் இடம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: ரேணுகா வைத்த பொய், கண்களை அந்தப் படத்துக்குள் இழுத்தது; ஆனால் மெய் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. அது தற்செயல்; நிழலுக்குள் இருந்து எடுத்ததும் சிக்கந்தர் காட்டிய பிறகுதான். சிக்கந்தரின் கண்ணுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அவர் கண்டது ஏற்கெனவே பதிவாகியிருந்ததை. இடமோ பதிவு செய்தவருக்கு. அப்படியானால் மரியபாலன் எடுத்ததும் தற்செயல்தானே என்பீர்கள். இல்லை. சும்மா நிறுத்திய வண்டியில் எஞ்சினை அணைத்தார். சிறுத்தையைக் கண்டால் மந்திகள் அப்படி விடாமல் கத்தும்; அவை எந்த இடத்தைப் பார்த்துக் கத்துகின்றன என்று காதால் அளந்து, அத்தனை பெரிய மலையில் அந்த ஒரு நிழலுக்கு நேராகப் போனைப் பிடித்தார். கண்ணால் பாராததைக் காதால் குறிவைத்தவர் அவர். இடம் அவருக்கே.

கழகமும் அப்படித்தான் தீர்த்தது. மரியபாலன் பத்து நாள் போய்வந்தார். "பார்த்தீங்களா, பார்த்தீங்களா?" என்று குழு குடைந்தது. பதிலுக்கு ஒரே ஒரு படம் போட்டார். ஈரப் புல்வெளி, ஓரத்தில் சோலைக்காடு. கீழே எழுதியிருந்தார்: "இந்தத் தடவை நான் பார்த்துட்டேன். நீங்க தேடுங்க."

பதினாறு நாளாகிறது. ரேணுகா இன்னும் அந்த வெளிச்சக் கோட்டை இழுத்துக்கொண்டிருக்கிறார். சிக்கந்தர் எங்கே என்று சொல்லமாட்டேன் என்கிறார்.