பாலத்தில் யாரை விடுவது?

"அம்மையே, இந்த ஆட்டத்தில் நான் ஏன் தோற்பதே இல்லை?" என்று கேட்டான் விடங்கன்.

மடத்தின் குரு அஞ்சொலை அம்மை ஆட்டப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எத்தனை வருடமாகத் தோற்கவில்லை?"

"ஆறு வருடமாக."

"எனக்கும் தெரியவில்லை. காய்களை அடுக்கு. இன்னொரு ஆட்டம் போடுவோம்."

ஆடி பிறந்துவிட்டால் அந்த மலைமடத்தில் வெளிவேலை கிடையாது. மழை நிற்காது. பாடம் முடிந்ததும் சீடர்கள் 'நால்வர்' என்ற ஆட்டத்தை ஆடுவார்கள்.

பலாப்பலகையில் வரைந்த ஒரு நாடு அது. இந்தக் கோடியில் ஓர் ஊர், ஊரில் கொள்ளைநோய். அந்தக் கோடியில் அரக்கன் கோட்டை, கோட்டைக்குள் நோய் தீர்க்கும் வேர். நடுவில் காடு, சதுப்பு, நாகங்கள் நெளியும் பள்ளத்தாக்கு. வாள்காரன், வில்காரன், மந்திரக்காரி, விளக்குக்காரன் என்று நான்கு மரக்காய்கள் ஊரிலிருந்து கிளம்பிப் போய் வேரைக் கொண்டுவர வேண்டும். ஒருவர் அந்த நால்வரையும் நகர்த்துவார். எதிரே இருப்பவர் அரக்கன் பக்கம். கவிழ்த்து வைத்த ஓடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, வருவது பேயா, புலியா, வெள்ளமா என்று சொல்வார்.

பள்ளத்தாக்கின் மேல் ஒரு தொங்குபாலம். அதற்கு மட்டும் தனி விதி. ஒருவரைப் பாலத்தில் விட்டுவிட்டால் மற்ற மூவரும் ஆபத்தில்லாமல் கடக்கலாம். யாரையும் விடாவிட்டால் நால்வருக்கும் தனித்தனியாகத் தாயக்கட்டை உருட்ட வேண்டும். கட்டை சரியாக விழாதவர் நாகங்களுக்கு இரை.

விடங்கன் யோசிக்கவே மாட்டான். விளக்குக்காரனை விரலால் சுண்டிப் பலகைக்கு வெளியே தள்ளிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவான்.

அன்றும் அப்படித்தான் சுண்டினான். காய் தரையில் உருண்டது. அம்மை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

நனைந்து ஒட்டிய சேலையோடு ஒரு பெண் நின்றாள். விடங்கனுக்கு அவளை அடையாளம் தெரிந்தது.

அவள் சேந்தி. கண்டனின் மனைவி.

விடங்கன் மடத்துக்கு வருமுன் மலைவழிகாட்டியாக இருந்தவன். இந்தப் பக்கத்து வணிகர்களைக் கழுகுத்தடம் வழியாக அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவான். கழுகுத்தடம் என்பது அருவிக்குக் கீழே பாறையில் ஒரு முழ அகலத்துக்கு ஓடும் விளிம்பு. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை. எல்லோரும் ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டு போவார்கள். அவனிடம் விளக்குப் பிடிக்கிற ஆளாக இருந்தவன் கண்டன். ஆறு வருடத்துக்கு முன் கண்டன் அந்த விளிம்பிலிருந்து விழுந்து இறந்தான். பாறையில் உரசிக் கயிறு அறுந்துவிட்டது என்று விடங்கன் ஊரில் சொன்னான். உயிர் தப்பிய நான்கு வணிகர்களும் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அடுத்த மாதமே அவன் மடத்துக்கு வந்துவிட்டான்.

"அண்ணே," என்றாள் சேந்தி. மூச்சு வாங்கியது. "மல சரிஞ்சு ரோடு போயிருச்சு. எம்மக ஏலக்காட்டுக் குடிசையில தனியாக் கெடக்கா. அரிசி வாங்கத்தான் எறங்குனேன். அதுக்குள்ள இப்படி ஆயிருச்சு. மூணு நாளாச்சு அண்ணே. கழுகுத்தடம் ஒண்ணுதான் வழி. உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?"

"அந்தத் தடம் எனக்கு மறந்துவிட்டது," என்றான் விடங்கன்.

"கண்ணக் கட்டிவிட்டாலும் போவீங்கன்னு அவரு சொல்லுவாரு."

விடங்கன் அம்மையின் பக்கம் திரும்பினான். அம்மை அவனைவிட ஏழு வயது இளையவர். ஆனாலும் இப்படிப்பட்ட நேரங்களில் அவர் முகத்தை அவனால் நேராகப் பார்க்க முடிந்ததில்லை.

"பயமாக இருக்கிறது," என்றான் தாழ்ந்த குரலில்.

"மலைக்கா?"

அவன் கண் தரையில் கிடந்த காய்க்குப் போனது.

மத்தியானத்துக்கு மேல் தடத்தில் மூட்டம் இறங்கிவிடும். காலையில்தான் கிளம்ப முடியும். அம்மை சேந்திக்குச் சூடாகக் கஞ்சி கொடுத்தார். அவள் இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டாள். அவர் அவளைப் பலகைக்கு முன்னால் உட்காரச் சொன்னார்.

"எம்புள்ள அங்க தனியாக் கெடக்கு. நான் வெளையாடவா?"

"விளையாட வேண்டாம். பாலத்தில் யாரை விடுவது என்று மட்டும் சொல்."

அம்மை விதியைச் சொன்னார். தரையில் கிடந்த காயை எடுத்து மற்ற மூன்றோடு பாலத்தின் முன் வைத்தார். சேந்தி குனிந்து பார்த்தாள். நான்கையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள்.

"இது யாரு?"

"விளக்குக்காரன்."

"எங்க வீட்டுக்காரரும் வெளக்குதான் புடிச்சாரு." அவள் காயைக் கீழே வைக்கவில்லை. "யாரை விட்டாலும் அவங்க வீட்டுல போயிச் சொல்லணுமே, அம்மா. யாரு போயிச் சொல்லுவா?"

"எனக்குத் தெரியாது. இதோ, இவனைக் கேள். ஆறு வருடமாக ஆடுகிறான்."

சேந்தி விடங்கனைப் பார்த்தாள். கேட்கத்தான் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. இப்போது சொல்லாவிட்டால் நாளைக்கு இவள் கயிற்றை என் இடுப்பில் நம்பிக் கட்டுவாள் என்று நினைத்தான்.

"கயிறு தானாக அறுந்து போகவில்லை," என்றான்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

"கண்டன் கால் வழுக்கித் தொங்கினான். அவன் பாரம் என்னை விளிம்புக்கு இழுத்தது. எனக்குப் பின்னால் நான்கு பேர். விடங்கா, விடங்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் நான் கத்தியை எடுத்து அறுத்தேன்."



சேந்தி எழுந்து முற்றத்தில் போய் நின்றாள். நனைந்துகொண்டே நின்றாள். எவ்வளவு நேரம் என்று விடங்கனுக்குத் தெரியவில்லை. அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், கழுத்தைப் பிடிப்பாள் என்று காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

உள்ளே வந்தபோது அவள் கண்கள் வறண்டிருந்தன.

"அந்தக் கத்தி இன்னும் இருக்கா?"

"இருக்கிறது."

"குடுங்க."

கொடுத்தான். அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"விடிஞ்சதும் கெளம்பணும்," என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

காலையில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு விடங்கன் அம்மையிடம் வந்தான். அம்மை வாழையிலையில் சோறு கட்டிக்கொண்டிருந்தார்.

"போகும்போது எனக்குப் பயமில்லை, அம்மையே. அவளுக்கு வழி வேண்டும். திரும்பும்போது மகள் கிடைத்திருப்பாள். வழியும் தெரிந்திருக்கும். அப்போது நான் எதற்கு?"

அம்மை பொட்டலங்களை அவன் கையில் வைத்தார். எண்ணிப் பார்த்தான். ஆறு இருந்தன.

"போகும்போது மூன்று, வரும்போது மூன்று," என்றார் அம்மை. "ஆளுக்கு ஒன்று."

"போகும்போது இரண்டு பேர்தானே?"

"அந்தக் குழந்தை நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. போனதும் முதலில் சோற்றைக் கொடு."

தடத்தில் அவன் முன்னால் போனான், அவள் பின்னால் வந்தாள். இருவர் இடுப்பிலும் ஒரே கயிறு. அருவித் தண்ணீர் தலையில் கல்லாக விழுந்தது. அவன் விரல்கள் பழைய பிடிமானங்களைத் தாமாகவே தேடிப் பிடித்தன. கண்டன் விழுந்த இடம் வந்தபோது அவன் கால் நின்றுவிட்டது.

"இங்கதானா?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"இங்கேதான்."

"நடங்க."

குடிசைக் கதவு உள்ளிருந்து கட்டப்பட்டிருந்தது. சேந்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திறக்கவில்லை. பிளந்து பார்த்தால் மகள் குவளை பரண்மேல் சாக்குக்குள் சுருண்டு கிடந்தாள். பத்து வயதுப் பெண். இரண்டு நாளாகச் சிறுத்தை ஒன்று கதவைப் பிறாண்டியிருக்கிறது. அவளுக்குக் குரலே எழும்பவில்லை. தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்ட கையை எடுக்காமலே சோற்றைத் தின்றாள்.

திரும்பும்போது சேந்தி முன்னால், குழந்தை நடுவில், விடங்கன் கடைசியில். அவன்தான் அப்படிக் கட்டினான். குழந்தை வழுக்கினால் இரண்டு பக்கமும் பிடி வேண்டும், வேறு முறை இல்லை.

விளிம்பைக் கடந்து சேந்தி கரையேறினாள். குழந்தையையும் இழுத்து ஏற்றினாள். குழந்தையின் முடிச்சை அவிழ்ப்பது தூரத்தில் தெரிந்தது. இனி அந்தக் கயிற்றில் இரண்டே பேர். அவன் வேகமாக நடக்க நினைத்தான். அவசரத்தில் வைத்த கால் பாசியில் பட்டது.

பாறை அவன் முகத்தை உரசிக்கொண்டு மேலே போனது. கயிறு விலா எலும்பை இறுக்கி நிறுத்தியது. கீழே பார்த்தான். வெறும் வெண்புகை. மேலே பார்த்தான். கயிறு விளிம்பைத் தாண்டி மறைந்திருந்தது. அதன் மறுமுனையில் நிற்பவளை அவனால் பார்க்க முடியவில்லை.

கூப்பிட வாய் திறந்தான். கண்டன் கூப்பிட்ட குரல்தான் காதில் கேட்டது. வாயை மூடிக்கொண்டான்.

கயிறு ஒரு சாண் கீழே இறங்கியது. அவள் பக்கம் மண் பொடிந்து அவன் தலையில் விழுந்தது. அவளையும் அது இழுக்கிறது. அவளுக்குப் பின்னால் மகள் நிற்கிறாள். இடுப்பில் கத்தி இருக்கிறது. இப்போது, என்று நினைத்தான். கண்ணை மூடினான். இன்னொரு சாண் இறங்கியது. இதோ இப்போது.

அருவி இரைந்துகொண்டே இருந்தது. கயிறு இறங்குவது நின்றது. வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகு ஒரு விரற்கடை மேலே ஏறியது.

கை எட்டும் உயரத்தில் ஒரு வேர் தெரிந்தபோது அவன் அதைப் பிடித்து ஏறினான். மேலே சேந்தி மல்லாந்து கிடந்தாள், இரண்டு காலும் ஒரு பாறையில் முட்டியிருந்தன. குழந்தை பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்திருந்தது. மாலையில் மடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் காலை சேந்தி மகளோடு கீழே இறங்கத் தயாரானாள். கத்தியை எடுத்து விடங்கனிடம் நீட்டினாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க," என்றாள்.

"நினைக்கவில்லை."

"அவரோட அம்மா இன்னும் உசுரோடதான் இருக்காங்க. அறுந்த கயிறுன்னு சொல்லித்தான் அழுவாங்க. நீங்களே வந்து சொல்லணும்."

"வருகிறேன்."

மழைக்குள் அவர்கள் இறங்கி மறையும் வரை அவன் வாசலில் நின்றான். பிறகு உள்ளே போய் அம்மையின் முன் உட்கார்ந்தான்.

"எனக்கு ஒன்று புரியவில்லை, அம்மையே. அதே இடம். அதே பாரம். நான் அறுத்தேன். அவள் அறுக்கவில்லை. அவளுக்கு அறுக்கக் காரணமும் இருந்தது."

"நீ ஏன் அறுத்தாய்?"

"பயந்துவிட்டேன். அவள் பயப்படவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்."

"கத்தியைத் திருப்பிக் கொடுத்தாளே, அப்போது அவள் கையைப் பார்த்தாயா?"

"பார்த்தேன். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது."

"வேறு?"

விடங்கன் கொஞ்சம் யோசித்தான்.

"நடுங்கிக்கொண்டிருந்தது," என்றான்.

"எப்போதிலிருந்து?" என்று கேட்டார் அம்மை.

"கயிற்றைப் பிடித்ததிலிருந்தே," என்றான் விடங்கன். "அவளும் பயந்துதான் இருந்திருக்கிறாள்."