காலைச் சூரியன், மாலைச் சூரியன்

தீர்ப்புச் சொல்லாமல் எழுந்து போவதில்லை என்று ஒப்புக்கொண்டால்தான் இந்தக் கதையைச் சொல்வேன்.

விருதுநகரில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனை. அங்கே நர்ஸ் புனிதவல்லியிடம் வருபவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. பாதிப் பேருக்குக் கண்ணும் மங்கல். போன மாதம் ஒருவர் காலை மாத்திரையையும் மாலை மாத்திரையையும் சேர்த்து விழுங்கி மயங்கி விழுந்தார். இந்த மாத மருத்துவ முகாமுக்குள் படம் போட்ட மாத்திரைக் கவர் வந்தாக வேண்டும் என்று புனிதவல்லி கங்கணம் கட்டிக்கொண்டார்.

அச்சகத்து டிசைனர் அன்சாரியிடம் முன்பு கேட்டபோது பூ பார்டரும் சிரிக்கும் டாக்டரும்தான் கிடைத்தன. அதனால் இந்த முறை செல்போனில் ஏஐயிடம் சொல்லித் தானே படத்தை வரவழைத்துவிட்டார். காலைக் கவரில் மலையோரம் உதிக்கும் சூரியன். மாலைக் கவரில் மலையோரம் மறையும் சூரியன்.

"பாய், இதுல ஒரு கோடுகூட நீங்க மாத்தக் கூடாது."

"மாத்த மாட்டேன் சிஸ்டர். இது வாக்கு."

அன்சாரி படத்தைக் கணினியில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டு சூரியனும் ஒன்றுபோல இருந்தன. மாலைச் சூரியனைச் சிவப்பாக்கினால் தீர்ந்தது என்று கை பரபரத்தது.

"நாளைக்கு முகாம். சத்தமில்லாம மாத்தி அடிச்சு விடுப்பா" என்றார் முதலாளி தங்கப்பாண்டி.

அன்சாரி மாற்றவும் இல்லை, அச்சடிக்கவும் இல்லை. வாக்கிலிருந்து விடுதலை கேட்க மருத்துவமனைக்கே போனார். "எனக்கு வித்தியாசம் நல்லாத்தான் தெரியுது" என்று புனிதவல்லி அடித்துச் சொன்னார். அன்சாரி படங்களைப் பெஞ்சில் காத்திருந்த நோயாளி குருவம்மாளிடம் நீட்டினார்.

"ரெண்டும் ஒண்ணாத்தானய்யா இருக்கு. நெறமெல்லாம் எனக்குப் பிடிபடாது, உருவந்தான் தெரியும்."

புனிதவல்லியின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் விடவில்லை. குருவம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லச் செல்போனில் காலைக்குச் சேவலும் மாலைக்கு விளக்கும் வரவழைத்தார். புனிதவல்லியிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் அன்சாரி கோடுகளைத் தடிப்பாக்கினார். கவர் தயாராவதற்குள் முகாம் முடிந்து, வந்தவர்கள் வெறுங்கையோடு போயிருந்தார்கள்.

சத்தமில்லாமல் மாற்றியிருந்தால் கவர் நேரத்துக்குப் போயிருக்கும் என்கிறார் தங்கப்பாண்டி. "தப்புன்னு தெரிஞ்சப்புறம் வாக்கு என்ன வாக்கு? முகாமுக்கு வந்தவங்க என்ன பாவம் செஞ்சாங்க?" என்று புனிதவல்லியே கேட்கிறார். வாக்கு வாக்குதான் என்கிறார் அன்சாரி.

இதில் யார் சொல்வது சரி?

விடை: மூவருமே அந்தச் சிவப்பை மறந்துவிட்டார்கள். அன்சாரி வாக்கை மீறியிருந்தால் சிவப்புச் சூரியன்தான் அச்சாகியிருக்கும். குருவம்மாளுக்கு அதுவும் அதே சூரியன். படத்தைச் சொல்லி வரவழைத்த புனிதவல்லிக்குத் தன் சொல் படத்தில் தெரிந்தது, வரைபவரான அன்சாரிக்குத் தன் நிறம் தெரிந்தது. அன்சாரி செய்ததே சரி. ஆனால் மெச்ச வேண்டியது புனிதவல்லி பிடிவாதமாக வாங்கிய வாக்கைத்தான். அது அன்சாரியின் கையைக் கட்டியிருக்காவிட்டால், அவர் குருவம்மாளிடம் போயிருக்கவே மாட்டார்.